வர்த்தமானி கேட்ட மாணவி

2025 மே மாதம். உள்ளூராட்சித் தேர்தல் முடிந்து ஒரு கிழமை இருக்கும். வன்னியில் பிரதேச சபையொன்றின் பொது நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பாடசாலைச் சீருடையோடு ஒரு மாணவி உள்ளே வந்தார்.

"அன்ரி, வர்த்தமானி இருக்கோ?"

"பேப்பர் எல்லாம் அங்க கிடக்கு பிள்ளை, எடுத்துப் பாருங்கோ."

மாணவி தினசரிகள் கிடந்த மேசையருகே இரண்டு நிமிடம் நின்றார். ஒன்றையும் தொடாமல் வெளியே போய்விட்டார்.

சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவரோடு கதைத்தேன். அவர் தேடியது மார்ச் 28ஆம் திகதி வெளியான காணி வர்த்தமானியை. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் 5,900 ஏக்கருக்கும் மேற்பட்ட காணிகளுக்கு உரிமை கோர 3 மாத அவகாசம் தந்த அறிவித்தல் அது. எதிர்ப்புகளாலும் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையாலும் பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் மே மாதத்தில் அது உயிரோடிருந்தது. அம்மப்பாவின் காணி உறுதி 2009 இடப்பெயர்வில் தொலைந்துவிட்டதாம். வீட்டில் எழுத்து வேலை பார்க்கக்கூடியவர் இந்தப் பிள்ளை மட்டும்தான். அவரது உண்மையான கேள்வி, உறுதி கையில் இல்லாதவர் என்ன செய்வது என்பது. அதைக் கேட்க நூலகத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

அந்த உத்தியோகத்தரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. பிறகு அவரோடும் இருந்து பேசினேன். வேறொரு பிரிவிலிருந்து இடமாற்றம் பெற்று வந்தவர். அவருக்குக் கிடைத்த பயிற்சி நூல்களைப் பதிவது, இலக்கமிடுவது, அடுக்குவது பற்றியது. கேள்வியோடு வருபவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஒருவரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. "புத்தகம் கேட்டா எடுத்துக் குடுப்பன் தங்கச்சி. வேற விஷயம் கேட்டா எனக்கு என்ன தெரியும்?" என்றார்.

அந்த வேற விஷயம்தான் உசாத்துணைச் சேவை. எங்கள் நூலகங்களில் உசாத்துணைப் பகுதி என்றால் இரவல் தராத நூல்கள் இருக்கும் அலுமாரி என்றாகிவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆள் கணக்கில் வருவதில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 1981இல் எரிந்த 97,000 நூல்களை ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். கூரத்தான் வேண்டும். மீண்டும் கட்டிய நூலகங்களில் யாரை இருத்தியிருக்கிறோம், அவருக்கு என்ன கற்றுக்கொடுத்திருக்கிறோம் என்று மட்டும் பேசுவதில்லை.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 1983இல் ஒரு சோதனை நடந்தது. சோதிக்க வந்தவர்கள் சாதாரண வாசகர்போலப் பொது நூலகங்களில் கேள்விகள் கேட்டார்கள். நூற்றுக்கு 55 கேள்விகளுக்குத்தான் முழுமையான, சரியான விடை கிடைத்தது. நூல்களின் எண்ணிக்கையைவிட ஊழியர் நடந்துகொண்ட விதமே விடையைத் தீர்மானித்தது என்று கண்டார்கள். 3 நாள் பயிற்சி வைத்தார்கள். பயிற்சி பெற்ற நூலகங்களில் நிலைமை நன்றாகவே முன்னேறியது. கற்றுக்கொடுத்தவை மிகச் சாதாரணமானவை: நிமிர்ந்து பார்ப்பது, கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துவது, என்ன தேவைக்கு என்று திறந்த கேள்வி கேட்பது. "தேடினது முழுக்கக் கிடைச்சுதா?" என்று கடைசியில் விசாரிப்பதற்கு மிகப் பெரிய பலன் இருந்தது.

அன்றைக்கு "எந்த வர்த்தமானி பிள்ளை, என்னத்துக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். வர்த்தமானிகளை அரச இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தொலைந்த உறுதி பதியப்பட்டிருந்தால் அதன் விபரத்தைக் காணிப் பதிவகத்தில் தேடலாம். அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலகம். வசதியில்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. நூலகர் சட்டத்தரணியாக வேண்டியதில்லை. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்திருந்தால் சரி.

இளவயதினர் என்று சர்வதேச நூலகச் சம்மேளனத்தின் வழிகாட்டி பொதுவாக 12 முதல் 18 வயதினரைச் சொல்கிறது. எங்களிடம் சிறுவர் பகுதி இருக்கிறது, பெரியவர் பகுதி இருக்கிறது. இடையில் நிற்கிற பிள்ளை உயர்தரப் பாடக்குறிப்போடு வந்து ஒரு கதிரையைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

வெளிநாட்டுக் கைநூல்களை அப்படியே கொண்டுவந்தும் பயனில்லை. காணி, காணாமல் ஆக்கப்பட்டோர் என்று கேள்வி கேட்டால் யாரோ குறித்துக்கொள்வார்கள் என்ற பயத்தோடு வளர்ந்த வீடுகள் இவை. ஒரு பிள்ளை தன் மாமாவைப் பற்றிக் கேட்டால், அந்தக் கேள்வி மேசையைத் தாண்டிப் போகாது என்று ஊழியருக்கும் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பயிற்சியின் முதல் நாளே இதற்குத்தான் ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் எண்ணம்.

2023 மார்ச் தொடக்கம் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் இயங்கிய சபைகளில் இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். நூலகம் அந்தச் சபைகளின் சொத்து. வீதி விளக்குக்குக் குரல் கொடுப்பதுபோல, வரவுசெலவுத் திட்டத்தில் 3 நாள் பயிற்சிக்கு ஒரு தொகையைக் கேட்க உறுப்பினர் ஒருவராவது எழும்பலாம்.

செப்டெம்பரில் அதே நூலகத்துக்குப் போனேன். உத்தியோகத்தரின் மேசைக் கண்ணாடிக்குக் கீழே கையெழுத்தில் ஒரு துண்டு இருந்தது. காணிப் பதிவகம், சட்ட உதவி ஆணைக்குழு, அவற்றின் தொலைபேசி இலக்கங்கள். தானே விசாரித்து எழுதி வைத்ததாகச் சொன்னார். பயிற்சி பற்றிச் சபையிலிருந்து கடிதம் ஏதும் வந்ததா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார்.