கடல் கடந்து கண்ட சமயம்

சீமைக்குப் போனால் ஜாதி போய்விடும் என்று நம் முன்னோர் அஞ்சினார்கள். போனவர் மதத்தையே மாற்றிக்கொண்டு திரும்பிவிட்டாலோ, 'தேசத்தையும் சேர்த்து விற்றுவிட்டார்' என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புக் கூறிவிடுவது நம் வழக்கம். பண்டித ரமாபாயின் சரித்திரத்தை அறிந்தவர்கள் அவ்வளவு அவசரப்பட மாட்டார்கள்.

1858-ல் வேத சாஸ்திரங்களில் வல்ல மராத்திப் பிராமணர் ஒருவருக்குப் புதல்வியாகப் பிறந்தவர் ரமாபாய். பஞ்சத்திலே பெற்றோரை இழந்து, தமையனாருடன் தேசமெங்கும் கால்நடையாக அலைந்தார். 1878-ல் கல்கத்தாப் பண்டிதர்கள் அவருடைய ஸம்ஸ்கிருத ஞானத்தைக் கண்டு வியந்து, 'பண்டிதா', 'சரஸ்வதி' என்ற பட்டங்களை அளித்தார்கள். பிறகு தமையனாரும் மறைந்தார். மணம் புரிந்த வங்காளிக் கணவரும் 1882-ல் காலமானார். கையில் குழந்தையுடன், தாம் எழுதிய மராத்தி நூலின் வருமானத்தைக் கொண்டு, 1883-ல் வைத்தியம் படிப்பதற்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். காது மந்தமானபடியால் அந்த எண்ணம் நிறைவேறவில்லை.

வாண்டேஜ் என்னும் ஊரில் கன்னிகாஸ்திரீகளின் மடத்தில் அவர் தங்கியிருந்தார். லண்டனில் புல்ஹாம் பகுதியிலே அவர்கள் நடத்திய ஓர் இல்லத்தைப் பார்க்கும் சந்தர்ப்பம் கிடைத்தது. நெறி தவறியவர்கள் என்று உலகம் ஒதுக்கிய பெண்களை அங்கே அன்புடன் பராமரித்து வந்தார்கள். அப்படிப்பட்டவர்களிடம் இரக்கம் காட்டலாம் என்று அதுவரை அவர் கேள்விப்பட்டதே இல்லை! 'உங்களுக்கு இந்தக் கருணை எங்கிருந்து வந்தது?' என்று வினவினார். ஏசுநாதர் சமாரியப் பெண்ணுடன் பேசிய வரலாற்றை ஒரு சகோதரி வாசித்துக் காட்டினார். ரமாபாயின் இருதயம் அதிலே ஈடுபட்டது. அறிவு இணங்குவதற்கோ, நம்மவரான நீலகண்ட கோரே எழுதிய புத்தகம் வேண்டியிருந்தது. 1883 செப்டம்பரில் அவர் ஞானஸ்நானம் பெற்றார்.

இதனால் அவர் அறிவையும் அடகு வைத்துவிட்டார் என்று எண்ணலாகாது. திரித்துவக் கொள்கையைப்பற்றிச் சகோதரி ஜெரால்டீனுடன் கடிதம் கடிதமாக வாதாடினார். இந்தியப் புரோகிதர்களின் நுகத்தடியை அரும்பாடுபட்டுக் கழற்றியவர், அதே போன்ற வேறொரு நுகத்தடிக்குக் கழுத்தை நீட்டச் சம்மதிக்கவில்லை. ஆண்பிள்ளைகளுக்கு அவர் பாடம் சொல்வதைப் பிஷப்புகள் ஆட்சேபித்தபோதும் அவர் பணிந்து போகவில்லை. ஞானஸ்நானத்துக்குச் சுமார் எட்டு ஆண்டுகளுக்குப் பின்னரே தமக்கு உண்மையான விசுவாசம் வாய்த்தது என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். மேனாட்டில் கிடைத்தது மதம். விசுவாசம் மலர்ந்தது தாய்நாட்டிலேதான்!

1889-ல் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதனத்தைத் தொடங்கினார். அவ்வாண்டு அங்கே கூடிய காங்கிரஸ் மகாசபையில் பிரதிநிதியாகவும் அமர்ந்தார். சதனத்தில் மதபோதனை இல்லை என்பது ஏற்பாடு. ஆனால் தாம் ஜபம் செய்யும் அறையின் கதவை அவர் மூடவில்லை. பெண்கள் சிலர் உள்ளே சென்று அமர்ந்தார்கள். 1893-ல் பெரும் கிளர்ச்சி மூண்டது. ஆலோசகர்களாயிருந்த ரானடேயும் பந்தார்க்கரும் விலகினார்கள். பல பெண்களை வீட்டார் அழைத்துப் போய்விட்டார்கள்.

நம்பி ஒப்படைத்த பெற்றோரின் கலக்கத்தை நாம் அற்பமாகக் கருதவில்லை. தாய் தகப்பனின் அந்த நம்பிக்கை காப்பாற்றப்பட வேண்டியதே. ஆயினும் மற்றொன்றையும் மறப்பதற்கில்லை. 1896–97 பஞ்சத்தில் ஆதரவற்றுத் திரிந்த நூற்றுக்கணக்கான பெண்களைத் திரட்டிவந்து, கேட்காமில் சோறும் கல்வியும் தொழிலும் கொடுத்துக் காத்தவர் அவரே. 1922-ல் அவர் மறைந்த பின்னும் அந்த முக்தி சதனம் நிலைத்து நிற்கிறது.

ரமாபாய் தழுவிய மதம் சரியா, தவறா என்று நாம் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் தர்க்கம் செய்யலாம். அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. வேதமும் புராணமும் கரைத்துக் குடித்த ஒரு பெண், வழுக்கி விழுந்த சகோதரியைக் கை கொடுத்துத் தூக்கும் காட்சியை முதன்முதலாகக் காண்பதற்கு ஏன் கடல் கடந்து போகவேண்டியிருந்தது? அதற்கு விடை சொல்லவேண்டியவர் ரமாபாய் அல்லர், நாம்தான்.