மூன்றாவதும் பெண்ணா?



ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு பிரசவ வார்டு வாசலில் சற்று நேரம் நின்று பாருங்கள். ஆண் குழந்தை பிறந்தால் பால்கோவாப் பொட்டலங்கள் கை மாறும். முதல் குழந்தை பெண் என்றால், “பரக்கத்து வந்திருக்கு” என்பார்கள். இரண்டாவதும் பெண் என்றால் சிரிப்பு பாதியாகும். மூன்றாவதும் பெண் என்றால்? “என்ன பாய், மூணும் பொண்ணாப் போச்சே!” என்று துக்கம் விசாரிப்பது போல் தோளில் தட்டுவார்கள். பால்கோவா வாங்கப் போனவர் பாதி வழியிலேயே திரும்பி விடுவார். குற்றவாளிக் கூண்டில் நிற்பதோ பெற்றெடுத்தவள்! குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் உயிரணுதான் என்று பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. ஆனாலும் ஏச்சு மருமகளுக்குத்தான்.

பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்துப் போகிறவனைத் திருக்குர்ஆன் அந்நஹ்ல் அத்தியாயத்தில் கண்டிக்கிறது. அது அரபு நாட்டு அறியாமைக் காலத்துக் கதை என்று நினைத்து விடாதீர்கள். நமக்கு அருகிலுள்ள உசிலம்பட்டி, பெண் சிசுக் கொலையால் 1980களில் நாடெங்கும் பேசப்பட்டது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994இல் சட்டம் வந்தது. “நாங்கள் கொல்வதில்லையே” என்று நாம் சொல்லிக் கொள்ளலாம். ஆனால் முகம் கறுக்கிறதா இல்லையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்!

கடை மூடிய பிறகு

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். உங்கள் வீடாகவே இருக்கலாம். மூத்தவள் ஏழாம் வகுப்பு, நடுவிலவள் நாலாம் வகுப்பு, கடைக்குட்டி எல்.கே.ஜி. சுபுஹுக்கே தாய் எழுந்து விடுகிறாள். மூன்று தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்ன வேண்டும். மூன்று டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். காணாமல் போன ஒற்றை சாக்ஸைத் தேட வேண்டும். மாலையில் ஓதப் போகும் இருவருக்கும் துப்பட்டா எடுத்து வைக்க வேண்டும். தந்தை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்குக் கிளம்பும்போது பிள்ளைகள் பள்ளி வேனில் ஏறியிருப்பார்கள். இரவு பத்து மணிக்கு அவர் திரும்பும்போது மூவரும் தூங்கியிருப்பார்கள்.

“மூத்தவள் எத்தனாவது படிக்கிறாள்?” என்று கேட்டால் அவருக்கு ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் யார் எவ்வளவு பாக்கி என்பது மட்டும் விரல் நுனியில்! “எல்லாம் அவர்களுக்காகத்தானே சம்பாதிக்கிறேன்?” என்று கேட்பீர்கள். உண்மைதான். உங்கள் உழைப்பை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு உங்கள் பணம் மட்டும் போதாது சகோதரரே, நீங்களும் வேண்டும்.

நமது நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஆண் மக்கள் சிறு வயதிலேயே இறந்து போனார்கள். பெண் மக்கள் நால்வர். மகள் ஃபாத்திமா (ரலி) வந்தால் எழுந்து நின்று வரவேற்றார்கள். பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடியே தொழுதார்கள். ஒரு சமுதாயத்தையே வழிநடத்தியவர்களுக்கு அதற்கு நேரம் இருந்தது. நமக்கு இல்லையா?

பசியோடு வந்த ஒரு தாய்க்கு அன்னை ஆயிஷா (ரலி) மூன்று பேரீச்சம்பழங்கள் கொடுத்த செய்தியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இரு மகள்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்த அந்தத் தாய், தன் பங்கையும் இரண்டாகப் பிளந்து அவர்களுக்கே கொடுத்தாள். அந்தப் பாதிப் பழத்தை அவளுக்குச் சொர்க்கமாக ஆக்கினான் இறைவன். இன்று அந்தப் பாதிப் பழம் உங்கள் நேரம்தான். வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம் முன்னதாக ஷட்டரை இறக்குங்கள். கணக்கு நோட்டை மூத்தவளிடம் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள். கடைக்குட்டிக்கு நீங்களே சோறு ஊட்டுங்கள். வியாபாரம் ஒன்றும் குடி மூழ்கி விடாது.

பவுன் கணக்கு

முகம் ஏன் கறுக்கிறது? பெண்ணை வெறுத்தா? இல்லை. தொட்டிலைப் பார்த்ததுமே மனம் பவுனைக் கணக்குப் போடுகிறது. மூத்தவளுக்கு இத்தனை, அடுத்தவளுக்கு இத்தனை, மூன்றாமவளுக்கு வீட்டை அடகு வைக்க வேண்டியதுதான்!

இந்தக் கைக்கூலி எங்கே கொண்டு போய் விட்டது? மூன்று ஆண்டுகள் வேலை செய்தால் முடிவில் மொத்தத் தொகை, அதைக் கொண்டு கல்யாணம் என்று ஆசை காட்டி ஏழைப் பெண்களை வேலைக்கு எடுத்த ‘சுமங்கலித் திட்டம்’ தமிழகத்து நூற்பாலைகளில் நடந்தது. ஆலைகள் நிறைந்த ஊரில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தன் திருமணச் செலவுக்குத் தானே பஞ்சுத் தூசியை விழுங்கினாள் ஒரு பெண்!

இளைஞர்களே! 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டம் கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றம் என்கிறது. அதே சட்டம் மஹரை மட்டும் வரதட்சணை அல்ல என்று விலக்கி வைத்திருக்கிறது. கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள். வாங்குவது உங்கள் வேலையல்ல! இன்று மாமனாரிடம் கை நீட்டுகிறவர், நாளை தன் மூன்று மகள்களுக்காக மூன்று மாப்பிள்ளைகளிடம் தலை குனிய நேரிடும்.

படிப்பும் பங்கும்

ராஜபாளையத்திலிருந்து அதே கொல்லம் சாலையில் தென்காசி தாண்டிப் போனால் செங்கோட்டை. அந்த ஊர் விவசாயி ஒருவரின் மகள் நிகார் ஷாஜி அரசு மகளிர் பள்ளியில் படித்து, இஸ்ரோவில் சேர்ந்தார். 2023 செப்டம்பர் 2இல் சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்துக்கு இயக்குநரும் அவரே. மலைக்கு அந்தப் பக்கம் பத்தனம்திட்டாவில், எட்டுப் பிள்ளைகளில் மூத்தவரான ஃபாத்திமா பீவியைச் சட்டம் படிக்கத் தூண்டியவர் அவருடைய தந்தை. 1989இல் அவர் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். நகை செய்து வைத்ததாலா இந்தப் பெண்கள் உயர்ந்தார்கள்?

“எங்களால் முடியுமா?” என்று தயங்காதீர்கள். 2007 முதல் தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இட ஒதுக்கீடு உள்ளது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவிக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவிகளுக்கும் அது விரிவானது. ஆனால் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தின் வைப்புத் தொகையோ, ஓரிரு பெண் குழந்தைகளோடு நிறுத்திக் கொண்டவர்களுக்கென்றே வகுக்கப்பட்டது. மூன்றாவது மகள் என்ன பாவம் செய்தாள்? இதை அரசிடம் கேட்க வேண்டியது நம் கடமை.

அரசிடம் கேட்குமுன் நம்மையும் கேட்டுக் கொள்வோம். ஆண் மக்கள் இல்லாதவரின் சொத்தில், இரண்டோ அதற்கு மேலோ மகள்கள் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு அவர்களுக்கு என்பது இறைவன் விதித்த பாகப்பிரிவினை. 1937 ஷரீஅத் சட்டத்தில் விடுபட்டிருந்த விவசாய நிலமும் 1949ஆம் ஆண்டு சென்னை மாகாணத் திருத்தத்தில் சேர்ந்து விட்டது. “நகை போட்டுத்தானே அனுப்பினோம்” என்று சொல்லி மகளின் பங்கை மறைப்பவர், எடைக்கல்லைக் குறைத்து வைக்கும் வியாபாரிக்கு எந்த வகையில் மேலானவர்?

இரு பெண் மக்களை ஆளாக்கியவர் மறுமையில் தம்மோடு நெருங்கி இருப்பார் என்பதை விரல்களைச் சேர்த்துக் காட்டிச் சொன்னார்கள் பெருமானார் (ஸல்). உங்களிடம் மூவர் இருக்கிறார்கள். இதைவிட லாபமான வியாபாரம் எது?

அடுத்த முறை மூன்றாவது மகள் பிறந்த செய்தி வந்தால், பாதி வழியில் திரும்பாதீர்கள். நேராகப் போய் ஒரு கிலோ பால்கோவா கூடுதலாகவே வாங்குங்கள்!

சிந்திப்பீர்! செயல்படுவீர்!