வீட்டு நோயாளிக்கு யார் பொறுப்பு?

கரோனா தொற்று தில்லியில் வேகமெடுத்த 2020 ஜூன் மாதத்தில், வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெறுவோரை எவ்வாறு கண்காணிப்பது என்பதே பெரும் சர்ச்சையாயிற்று. தொற்று உறுதியான அனைவரும் முதல் ஐந்து நாள்கள் அரசு முகாமில் தங்கியாக வேண்டும் என்று ஜூன் 19-ல் துணைநிலை ஆளுநர் அனில் பைஜால் உத்தரவிட்டார். முதல்வர் கேஜரிவால் அரசு எதிர்க்கவே, மறுநாளே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அதையடுத்து, வீட்டுத் தனிமையில் உள்ளவர்களுக்கு ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் கருவியைத் தில்லி அரசு வழங்கத் தொடங்கியது.

அம்முடிவில் நியாயம் இருந்தது. மூச்சுத்திணறல் வெளிப்படும் முன்பே ஆக்சிஜன் அளவு ஆபத்தான நிலைக்குச் சரிந்துவிடக்கூடும் என்பது இந்நோயின் கொடிய இயல்பு. விரலில் மாட்டும் சிறு கருவியும், நாள்தோறும் நலம் கேட்கும் தொலைபேசி அழைப்பும் அதை முன்கூட்டியே உணர்த்தும். மருத்துவமனைப் படுக்கைகளும் கடும் பாதிப்புக்கு உள்ளானோருக்கு மிஞ்சும்.

ஆனால், 2021 ஏப்ரலில் இரண்டாவது அலை தாக்கியபோது இந்த ஏற்பாட்டின் பாதி மட்டுமே இருந்தது தெரியவந்தது. ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே குறைந்தால் உடனே மருத்துவ உதவியை நாடுமாறு மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் கூறியது. நாடிச் சென்றவர்களுக்கோ படுக்கையும் இல்லை, சிலிண்டரும் இல்லை. எண் சரிவதைக் குடும்பத்தினர் கையறு நிலையில் பார்த்திருக்க நேர்ந்தது. ஆக்சிமீட்டர் மீதான வணிக லாபத்துக்கு 70 சதவீத உச்சவரம்பு விதிக்கப்பட்டதும் அலை தணிந்த பின்னர், 2021 ஜூலையில்தான்.

அதே மாதம் 20-ம் தேதி மாநிலங்களவையில் அரசு அளித்த பதில் மறக்கத்தக்கதல்ல. சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு என்றும், ஆக்சிஜன் பற்றாக்குறையால் நேர்ந்த மரணம் என்று மாநிலங்கள் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை என்றும் அமைச்சர் கூறினார். மாநிலங்கள் மத்திய அரசையும், மத்திய அரசு மாநிலங்களையும் கைகாட்டின. நோயாளிக்குப் பதில் சொல்ல எவரும் இல்லை.

பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பது உண்மையே. எனினும், மாநில எல்லை கடந்து தொற்றுநோய் பரவுவதைத் தடுப்பது பொதுப் பட்டியலில் உள்ளது. எனவே, சட்டமியற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. 1897-ம் ஆண்டின் தொற்றுநோய்கள் சட்டம் 2020-ல் திருத்தப்பட்டபோது, மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்குக் கடும் தண்டனை சேர்க்கப்பட்டது. தேவையான திருத்தம்தான், ஆனால் நோயாளியின் உரிமை குறித்து அதில் ஒரு வரியும் இல்லை. இச்சட்டத்தின் குறைகளைக் களைய வேண்டும் என்று சட்ட ஆணையமும் 2024-ல் பரிந்துரைத்தது.

வீட்டில் உள்ள நோயாளியை நாள்தோறும் அழைக்க வேண்டிய அதிகாரி யார், அளவு குறைந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் ஆம்புலன்ஸ் வர வேண்டும், எந்த மருத்துவமனை அவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், வீட்டிலேயே இறந்தவர்களை யார் கணக்கெடுப்பது என்பனவற்றைச் சட்டத்தில் எழுதியாக வேண்டும். அடுத்த தொற்று வரும்வரை காத்திருந்து, அவசர உத்தரவுகளால் சமாளிக்கலாம் என்று அரசுகள் எண்ணினால், அதற்கு மீண்டும் விலை கொடுப்பவர்கள் வீட்டில் முடங்கிக் கிடக்கும் நோயாளிகளே.