பக்க வடிவமைப்பு டிடிபி கடையின் வேலை மட்டும்தானா?

இந்திய மொழிகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்வோர் தம் பல்லாண்டு உழைப்பின் கடைசி நாள்களைப் பெரும்பாலும் பல்கலைக்கழக வாயிலுக்கு எதிரே உள்ள டிடிபி கடையில்தான் கழிக்கிறார்கள். வாராணசியானாலும் புணேயானாலும் இதில் மாற்றமில்லை. எழுத்துரு, ஓரம், அடிக்குறிப்பு, பொருளடக்கம் எல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. அக்கடைக்காரர்களின் கைத்திறன் இல்லையேல் பல ஆய்வேடுகள் கரை சேர்ந்திரா. ஆனால், அந்த ஆய்வேட்டை நாளை ஒருவரால் தேடிப் படிக்க இயலுமா என்பதும் அங்கேயே, யாரும் அறியாமலே, முடிவாகிவிடுகிறது.

இந்தி உலகில் இன்றும் பெருவழக்காக உள்ள கிருதிதேவ் எழுத்துருவே இதற்குச் சான்று. திரையில் தெரிவது தேவநாகரி. கோப்புக்குள் இருப்பவை ரோமன் எழுத்துகள். 'ஹிந்தி' என்னும் சொல்லே அதனுள் எஃப், ஜி, யூ, என், எச் என்ற ஐந்து எழுத்துகளாகக் கிடக்கிறது. காகிதத்தில் அச்சிடும்வரை குறையில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளுக்குப் பின் நிலைமை வேறு. ஆய்வேடுகளின் மின்படிகள் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்தின் ஷோத்கங்கா களஞ்சியத்துக்குச் செல்கின்றன. கபீரைப் பற்றியே முந்நூறு பக்கம் எழுதிய ஆய்வேடு கிருதிதேவில் இருந்தால், கபீர் என்று தேவநாகரியில் தேடுபவருக்கு அதன் உட்பக்கம் ஒன்றுகூட அகப்படாது. தனியே உள்ளிட்ட தலைப்பும் பெயரும் மட்டுமே கிடைக்கும். கருத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருளுக்கும் இதே கதிதான். அத்தகைய கோப்புக்கு அது குறைந்த விழுக்காடு காட்டினால் அதை நேர்மைக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. தமிழில் பாமினியில் தட்டிய கோப்புகளும் இதற்கு விலக்கல்ல.

யூனிகோடின் முதல் பதிப்பு 1991இல் வெளிவந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் பழைய எழுத்துருக்கள் உயிரோடிருப்பதற்கு ஒரு நம்பிக்கை காரணம்: யூனிகோடில் பக்கம் அமைத்தால் எழுத்து உடையும் என்பது. 2001இல் கடைசிப் பதிப்புக் கண்ட பேஜ்மேக்கரில் அது உண்மைதான். இன்டிசைனிலோ, பத்தி அமைப்புக்கான பட்டியலில் 'வேர்ல்டு ரெடி' என்னும் தெரிவைச் சொடுக்கினால் தேவநாகரியின் மாத்திரைகளும் கூட்டெழுத்துகளும் ஒழுங்காக அமர்ந்துவிடும். பத்து நிமிடப் பாடம் இது. இதை அறியாததால், ஆய்வாளர் யூனிகோடில் தட்டித் தந்த உரையைக் கடையில் பழைய எழுத்துருவுக்கு மாற்றிவிடுகிறார்கள்; மாற்றத்தில் அரிய கூட்டெழுத்துகளும் ரோமன் ஒலிக்குறிகளும் சிதைகின்றன. மென்பொருள் விலை ஒரு சாக்காக நிற்கவும் முடியாது. 2024இல் வந்த ஸ்கிரைபஸ் 1.6 பதிப்பு இந்திய எழுத்துகளைக் கையாள்கிறது, இலவசமானது.

எழுத்துருவைவிட முதன்மையான பாடம் ஸ்டைல்களைப் பற்றியது. ஒரு வரியைத் தடித்து, பெரிதாக்கி, நடுவில் வைத்தால் அது கண்ணுக்குத் தலைப்பு. கணினிக்கு அது வெறும் வரிதான். 'இயல் தலைப்பு' என்னும் ஸ்டைலை அதற்கு இட்டால்தான் பொருளடக்கம் தானே உருவாகும். பக்க எண் நகர்ந்தாலும் கூடவே நகரும். கையால் தட்டிய பொருளடக்கம் 84 என்று காட்ட, இயல் 91இல் தொடங்கும் ஆய்வேடுகளைப் புறத்தேர்வாளர்கள் நன்கு அறிவர். வசதி ஒருபுறம் இருக்கட்டும். மூலச் செய்யுள், உரை, பாடவேறுபாடு, பதிப்பாசிரியர் குறிப்பு என ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்டைல் வகுக்கும் ஆய்வாளர், தம் முன் உள்ள வரி இவற்றுள் எது என்று ஒவ்வொரு முறையும் தீர்மானித்தாக வேண்டும். உரையாசிரியரின் சொல்லும் தம் சொல்லும் எங்கே கலந்துவிட்டன என்பது அப்போது வெளிப்பட்டுவிடும். இது ஆய்வின் வேலையே, கடைக்காரரிடம் விட்டுவிடக்கூடியதன்று.

'சிந்திப்பது அறிஞர் கடமை, பக்கம் கோப்பது தொழிலாளர் கடமை' என்பார் உண்டு. மும்பையின் நிர்ணய சாகர் அச்சகத்தை அவர்கள் நினைத்துப்பார்க்கலாம். வடமொழி நூல்களுக்கு அதன் பதிப்புகள் தலைமுறைகளாக மேற்கோள் தரத்தில் நிற்பதற்குக் காரணம், பண்டிதரும் அச்சுக்கோப்பவரும் அங்கே ஒரே நிறுவனத்தில் சேர்ந்து உழைத்தது. இன்று இருவருக்கும் நடுவில் ஒரு பென்டிரைவ் மட்டுமே இருக்கிறது.

மானியக் குழு 2019இல் ஆய்வாளர்களுக்கென ஆய்வு, வெளியீட்டு அறம் குறித்த பாடம் ஒன்றை வகுத்தது. இரண்டு கிரெடிட், முப்பது மணி நேரம். திறந்த அணுக்கம், மேற்கோள் அளவீடு எல்லாம் அதில் உண்டு. வெளியிடப்படும் பக்கம் எப்படி ஆகிறது என்பதற்கும் அதில் நான்கு மணி நேரமாவது ஒதுக்கலாம். பல பல்கலைக்கழக விதிகளோ இன்னும் டைம்ஸ் நியூ ரோமன், 12 புள்ளி, இடப்புறம் ஒன்றரை அங்குலம் என்பதோடு நின்றுவிடுகின்றன. தட்டச்சுப் பொறியும் தையற்கட்டும் விட்டுச்சென்ற அளவுகள் இவை. மேலும் கீழும் குறியேறும் இந்திய எழுத்துகளுக்கு எவ்வளவு வரியிடைவெளி வேண்டும் என்று அவை யோசிப்பதேயில்லை.

நெறியாளர் கையொப்பமிடும் முன் ஒரு சோதனை செய்யலாம்: பிடிஎஃப்பில் ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுவது. ரோமன் எழுத்துக் குவியல் வந்தால் ஆய்வேடு திரும்பிப் போகட்டும். யூனிகோடில் அமைத்த பிடிஎஃப்பிலும் இந்திய எழுத்துகள் சிலபோது வரிசை மாறி வெளிவருவதுண்டு. ஆகவே பிடிஎஃப்போடு மூலக் கோப்பையும் துறை கேட்டுப் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.