"மெஷின் ஸ்லோ" என்று இனி யாரும் சொல்லாதீர்கள்



போன வாரம், மறைந்த சக ஆசிரியர் ஒருவரின் மனைவிக்குத் துணையாக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். குடும்ப ஓய்வூதிய விஷயம். 3 பக்கம் பிரிண்ட் எடுத்துத் தர வேண்டும், அவ்வளவுதான். "மெஷின் ரொம்ப ஸ்லோம்மா, மதியம் வாங்க" என்றார்கள். 70 வயது அம்மா மரத்தடியில் போய் உட்கார்ந்தார்.

அதே மெஷினில் இன்னொருவரின் ஆதாரை வைத்து ஜெராக்ஸ் எடுத்தார்கள். சட்டென்று வந்து விழுந்தது!

நகல் வேகமாக வருகிறது, கம்ப்யூட்டரிலிருந்து கொடுத்தால் மட்டும் தவழ்கிறது என்றால், தாள் ஓட்டும் மெஷின்மேல் என்ன குற்றம்? கோளாறு வழியில்தான் இருக்க வேண்டும். இந்தத் தொழிலில் இருக்கும் பழைய மாணவன் ஒருவனிடம் போனில் கேட்டேன். அவனும் அதையே சொன்னான்.

கணக்கு வாத்தியார் சும்மா விடுவேனா? ஒரு ஏ4 பக்கத்தை 600 டிபிஐ கலர் படமாகச் சுருக்காமல் அனுப்பினால் சுமார் 104 எம்பி. நெட்வொர்க் 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடினால் 8 வினாடிக்குச் சற்று மேல். நைந்த கேபிளால் அது 10க்கு இறங்கிவிட்டால் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். ஒரே ஒரு பக்கத்துக்கு!

பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். கருப்பு எழுத்துக்கு எதற்குக் கலர்? டைப் செய்த கடிதத்தை எதற்கு ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும்? வரிசையில் நேற்றைய ஃபைல் ஏதாவது சிக்கிக் கிடக்கிறதா? கேபிளை மாற்றிப் பார்த்தீர்களா? பிரிண்டர் டபிள்யூஎஸ்டி போர்ட்டில் இருந்தால், மெஷினுக்கு நிலையான ஐபி கொடுத்து டிசிபி/ஐபி போர்ட்டுக்கு மாற்றினீர்களா? அந்த மெஷினுக்கே உரிய டிரைவர்தான் போட்டிருக்கிறதா? ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் எடுத்துப் பாருங்கள்.

"அது இன்ஜினியர் வேலை சார்" என்பீர்கள். சரி, அவரிடமாவது "நகல் வேகம், பிரிண்ட் மட்டும் மெதுவு" என்று சரியாகச் சொல்லலாமே! "புது மெஷின் கேட்டு எழுதியிருக்கோம்" என்றார் அங்கே ஒருவர். அதே நைந்த கேபிளில் மாட்டினால் புதுசும் தவழத்தான் செய்யும். மக்கள் பணம்தான் வீண்.

உங்களில் பலர் இன்று அலுவலகங்களில் இருக்கிறீர்கள். விடை தப்பானால் எந்த வரியில் தப்பு என்று தேடத்தானே சொல்லிக் கொடுத்தேன்? நாளைக்கே உங்கள் மெஷினில் ஒரு நகலும் ஒரு பிரிண்டும் எடுத்து, கடிகாரத்தைப் பாருங்கள். வெளியே யாரோ ஒரு அம்மா காத்திருக்கிறார்.