ரிசல்ட் மே மாதம்... உதவித்தொகை எந்த மாதம்? பிளஸ்-2 முடித்த ஏழை மாணவர்கள் தவிப்பு

பிளஸ்-2 ரிசல்ட் வந்த அன்று வீட்டில் லட்டு, கேசரி. மறுநாள் காலையில் அப்பாவும், அம்மாவும் உட்கார்ந்து போடுவது பணக் கணக்கு. காலேஜ் சேர்க்க எவ்வளவு ஆகும்? காசு எங்கே இருக்கு? யாரிடம் கேட்பது?

தமிழ்நாட்டில் கல்லூரி மாணவ-மாணவிகளுக்கு அரசு உதவிகள் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. மற்ற மாநிலங்கள் பார்த்து காப்பி அடிக்கும் அளவுக்கு திட்டங்கள் வந்திருக்கின்றன. 2021-22-ம் ஆண்டுக்கான மத்திய அரசின் உயர்கல்வி கணக்கெடுப்பில் உயர்கல்வியில் சேருவோர் விகிதம் இந்திய அளவில் 28.4 சதவீதம். தமிழ்நாட்டில் 47 சதவீதம். ஆனால் பிளஸ்-2 முடித்த நாளுக்கும், கல்லூரியில் முதல் வகுப்பில் உட்காரும் நாளுக்கும் நடுவில் 2 முதல் 4 மாதம் வரை ஒரு இடைவெளி இருக்கிறது. செலவு பெரும்பாலும் அந்த இடைவெளியில் வந்துவிடுகிறது. உதவி அதற்குப் பிறகுதான் வருகிறது. இதுதான் பிரச்சினையே.

ரூ.17 ஆயிரத்து 500-க்காக சுப்ரீம் கோர்ட்டு வரை...

இந்த இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்பதை 2024-ல் நாடே பார்த்தது. உத்தரபிரதேச மாநிலம் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தலித் மாணவர். அப்பா தினக்கூலி. ஒரு நாள் சம்பளம் ரூ.450. பையனுக்கு தன்பாத் ஐ.ஐ.டி.யில் எலக்ட்ரிக்கல் என்ஜினீயரிங் இடம் கிடைத்தது. இடத்தை உறுதி செய்ய கட்ட வேண்டிய பணம் ரூ.17 ஆயிரத்து 500. அவகாசம் 4 நாள். ஜூன் 24-ந்தேதி மாலை 5 மணியோடு கெடு முடிந்தது.

அப்பாவின் கூலியில் அது 39 நாள் சம்பளம். சாப்பிடாமல், பஸ் ஏறாமல் சேர்த்தால்! ஊர்க்காரர்கள் கை கொடுத்து, எப்படியோ பணம் தேறியது. ஆனால் ஆன்லைனில் கட்டி முடிப்பதற்குள் மணி 5 ஆகிவிட்டது. போச்சு, சீட்டு போச்சு.

மாணவர் விடவில்லை. ஜார்கண்ட் மாநில சட்டப்பணிகள் ஆணையத்தை நாடினார். அந்த ஆண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் சென்னை ஐகோர்ட்டுக்குப் போகச் சொன்னார்கள். அங்கிருந்து வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2024 செப்டம்பர் 30-ந்தேதி தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான பெஞ்ச், அரசியல் சட்டத்தின் 142-வது பிரிவில் உள்ள சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அந்த மாணவரை அதே ஐ.ஐ.டி.யில் சேர்க்க உத்தரவிட்டது. கூடுதலாக ஒரு இடம் உருவாக்கி அவரை சேர்க்கச் சொன்னது கோர்ட்டு.

நல்ல தீர்ப்பு. ஆனால் ரூ.17 ஆயிரத்து 500 இல்லாமல் போன எல்லா பிள்ளைகளும் டெல்லிக்கு ரெயில் ஏற முடியுமா? பெரும்பாலானவர்கள் ஏறுவது கம்பெனி வேலைக்குப் போகும் பஸ்தான்.

முதல் செலவே சர்டிபிகேட்

தமிழ்நாட்டு கணக்கைப் பார்ப்போம். ரிசல்ட் வந்ததும் முதலில் ஓடுவது இ-சேவை மையத்துக்கு. சாதி சான்றிதழ், வருமான சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ். அரசு கட்டணம் ஒன்றுக்கு ரூ.60. மூன்றுக்கும் ரூ.180. இது அதிகம் இல்லை. ஆனால் 'சர்வர் டவுன்', 'வி.ஏ.ஓ. லீவு', 'நாளைக்கு வாங்க' என்று 3 முறை அலைந்தால் அம்மாவுக்கு 3 நாள் கூலி காலி. அந்தக் கணக்கு எந்த ரசீதிலும் வராது.

அடுத்து விண்ணப்பம். அரசு கலை-அறிவியல் கல்லூரிகளுக்கான ஆன்லைன் விண்ணப்பம் மிகவும் மலிவு. விண்ணப்ப கட்டணம் ரூ.48, பதிவு கட்டணம் ரூ.2. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு வெறும் ரூ.2. என்ஜினீயரிங் கவுன்சிலிங்குக்கு பொதுவாக ரூ.500, ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினருக்கு ரூ.250. டாக்டர் கனவு இருந்தால் இதெல்லாம் போதாது. நீட் தேர்வுக்கு 2025-ல் பொதுப்பிரிவுக்கு ரூ.1,700, பிற்படுத்தப்பட்டோருக்கு ரூ.1,600, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு ரூ.1,000 வசூலிக்கப்பட்டது. ரிசல்ட் வருவதற்கு முன்பே கட்ட வேண்டிய பணம் இது.

இடம் கிடைத்த பிறகு வருவது தான் பெரிய அடி. அட்மிஷன் கட்டணம், ஆஸ்டல் முன்பணம், மெஸ் அட்வான்ஸ், பஸ் கட்டணம், சீருடை, புத்தகம். வெளியூர் என்றால் பெட்டி, படுக்கை, பக்கெட் வரைக்கும் வாங்க வேண்டும். இதில் பாதி செலவுக்கு எந்த உதவித்தொகை விதியிலும் இடம் கிடையாது.

ஆயிரம் ரூபாய் வரும்... ஆனா எப்போ?

அரசுப் பள்ளியில் 6 முதல் பிளஸ்-2 வரை படித்த மாணவிகளுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ந்தேதி தொடங்கப்பட்டது. முன்பு கல்யாணத்துக்கு பணமும், தாலிக்கு தங்கமும் கொடுத்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டத்தை படிப்புக்கு மாற்றியதுதான் இது. அப்போது தாலியை நிறுத்தலாமா என்று சண்டை நடந்தது. மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டு 9-ந்தேதி கோவையில் தொடங்கியது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் புதுமைப்பெண் திட்டம் 2024 டிசம்பரில் விரிவுபடுத்தப்பட்டது.

ஆண்டுக்கு ரூ.12 ஆயிரம். 3 வருட டிகிரிக்கு ரூ.36 ஆயிரம். கிராமத்து வீட்டில் இது பெரிய பணம். பஸ்சுக்கும், டீக்கும் அப்பாவிடம் கை நீட்ட வேண்டியதில்லை என்பதே ஒரு பெண் பிள்ளைக்கு தனி தெம்பு.

ஆனால் திட்டம் எப்படி வகுக்கப்பட்டிருக்கிறது? முதலில் கல்லூரியில் சேர வேண்டும். பிறகு கல்லூரி மூலம் விவரம் பதிவாக வேண்டும். பள்ளி விவரம் சரிபார்க்கப்பட வேண்டும். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும். அப்புறம்தான் பணம். அதாவது சேர்ந்தவருக்குத்தான் உதவி. சேருவதற்கு உதவி இல்லை. வாசலில் நிற்பவருக்கு உள்ளே போனால் டிக்கெட் தருகிறோம் என்று சொல்வது மாதிரி.

இங்கே ஒரு கேள்வி. அந்த மாணவி 6-ம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படித்தாள் என்பது அரசுக்கு எப்போது தெரியும்? கல்லூரி சொன்ன பிறகா? இல்லையே. பள்ளிக்கல்வித் துறையின் 'எமிஸ்' பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் இருக்கிறது. எந்த வருடம் எந்தப் பள்ளி என்பது அதிலேயே இருக்கிறது. பிளஸ்-2 மார்க்கும் அரசு கையில்தான் இருக்கிறது. அப்படியானால் முதல் 3 மாத பணத்தை ரிசல்ட் வந்த கையோடு ஜூன் மாதத்திலேயே கணக்கில் போட்டு விட்டு, சேராதவர்களுக்கு மேற்கொண்டு நிறுத்தினால் என்ன? மூன்றாயிரம் ரூபாய் எடுத்துக்கொண்டு காலேஜ் சேராமல் போய்விடுவார்கள் என்ற பயம் அதிகாரிகளுக்கு இருக்கலாம். சிலர் போவார்கள். அந்த நஷ்டத்தை விட, பணம் இல்லாமல் நின்று போகிறவர்களால் வரும் நஷ்டம் பெரிது.

ஏற்கனவே இருந்த ரூ.5 ஆயிரம்

இது புது யோசனையும் கிடையாது. பள்ளியில் இடையில் நின்று போவதைத் தடுக்க 2011-12-ல் ஜெயலலிதா ஆட்சியில் ஒரு சிறப்பு ஊக்கத்தொகை திட்டம் வந்தது. அரசு மற்றும் உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு 10-ம் வகுப்பில் ரூ.1,500, பிளஸ்-1-ல் ரூ.1,500, பிளஸ்-2-வில் ரூ.2,000. மொத்தம் ரூ.5 ஆயிரம். இதை கையில் கொடுக்காமல் அரசு நிதி நிறுவனத்தில் டெபாசிட் செய்து, பிளஸ்-2 முடித்த பிறகு வட்டியோடு எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

பள்ளியை முடிக்கும் நேரத்தில், கல்லூரி வாசலில் நிற்கும்போது கையில் ரூ.5 ஆயிரம். திட்டம் போட்டவருக்கு வீட்டு நிலவரம் தெரிந்திருக்கிறது. ஆனால் நடைமுறையில் வங்கிக் கணக்கு எண் தப்பு, விவரம் வரவில்லை என்று பணம் பலருக்கு தாமதமாகவே போய்ச் சேர்ந்தது. காலேஜ் சேர்ந்து செமஸ்டர் எழுதிய பிறகு வரும் பணத்தில் என்ன பிரயோஜனம்? பணத்தின் மதிப்பு தொகையில் மட்டும் இல்லை, தேதியிலும் இருக்கிறது.

7 நாள் கெடு, 30 நாள் கடன்

கல்விக்கடன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரி கல்விக்கடன் திட்டம் 2001 முதல் நடைமுறையில் உள்ளது. ரூ.4 லட்சம் வரை மாணவர் தரப்பில் முன்பணமாக எதுவும் போட வேண்டியதில்லை. மத்திய அரசின் கடன் உத்தரவாத திட்டத்தில் ரூ.7½ லட்சம் வரை சொத்து அடமானமும் தேவையில்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்து தவணை கட்டினால் போதும். 2024 நவம்பரில் மத்திய மந்திரிசபை பி.எம்.வித்யாலட்சுமி திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆனால் அது தரவரிசையில் முன்னணியில் உள்ள கல்வி நிறுவனங்களில் சேருபவர்களுக்கு மட்டும். பக்கத்து ஊர் கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு அதில் வேலை இல்லை.

சிக்கல் எங்கே என்றால் காலண்டரில். மாதிரி திட்டத்தின்படி கடன் விண்ணப்பத்தை வங்கி 15 நாள் முதல் ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். விண்ணப்பிக்க கல்லூரியின் அட்மிஷன் கடிதமும், கட்டண விவரமும் வேண்டும். என்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் 2022-ல் கொண்டு வந்த விதிப்படி, இடம் ஒதுக்கிய 7 நாளில் பணம் கட்டி சேரவில்லை என்றால் அந்த இடம் அடுத்தவருக்குப் போகும். காலி இடம் வீணாகக் கூடாது என்று கொண்டு வந்த நல்ல விதிதான். ஆனால் 7 நாளில் பணம் கட்டு என்கிறது ஒரு துறை. 30 நாள் பொறு என்கிறது வங்கி. நடுவில் உள்ள 23 நாளுக்கு அப்பா என்ன செய்வார்?

அடகுக் கடைக்குத்தான் போவார். அம்மா கழுத்துச் சங்கிலி, தங்கச்சி கம்மல் எல்லாம் பெட்டிக்குள் போகும். நகை இல்லாத வீட்டில் கந்து வட்டி. கந்து வட்டிக்கு தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. சட்டம் வந்ததே தவிர, ஜூன் மாத கைமாத்து நின்றபாடில்லை. பிறகு வங்கிக் கடன் வந்தாலும் அது நேராக கல்லூரி கணக்குக்குப் போகும். வட்டிக்கு வாங்கிக் கட்டிய பணத்தை கல்லூரி ரசீதைக் காட்டி வங்கியிடம் கேட்கலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மேனேஜரிடம் கேட்டுப் பார்ப்பதில் தப்பு இல்லை.

கடனை மறுக்க வங்கிகள் சொல்லும் புது காரணம் 'சிபில் ஸ்கோர்'. 2023 மே மாதம் கேரள ஐகோர்ட்டு, சிபில் ஸ்கோர் குறைவு என்பதை மட்டும் வைத்து மாணவரின் கல்விக்கடனை நிராகரிக்கக்கூடாது என்று தீர்ப்பு அளித்தது. வாய்மொழியாக 'கிடையாது' என்று சொன்னால் எழுதிக் கொடுங்கள் என்று கேட்பது நல்லது. எழுத்தில் தரச் சொன்னதும் பல கவுண்ட்டர்களில் பேச்சு மாறும்.

முன்பணமே கேட்காமல் சேர்க்க முடியும்

இதற்கு முன்மாதிரி அரசு விதிகளிலேயே இருக்கிறது. 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் கல்வி, விடுதி, கவுன்சிலிங் கட்டணங்களை அரசே ஏற்கும் என்று 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. அங்கே அப்பாவின் பாக்கெட்டை யாரும் தொடுவதில்லை. ஆனால் நடுவில் ஒரே ஒரு வருடம் தனியார் பள்ளியில் படித்துவிட்டாலும் அந்த ஒதுக்கீடு கைவிட்டுப் போய்விடும்.

ஆதிதிராவிட மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையிலும் 2021-ல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலில் 'பிரீஷிப் கார்டு' என்று ஒன்று இருக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.2½ லட்சத்துக்குள் இருந்தால், இந்த அட்டையைக் காட்டி முன்கூட்டி கட்டணம் கட்டாமலே சேரலாம் என்பதுதான் அதன் நோக்கம். கல்லூரி ஆபீசில் இந்த அட்டையைப் பற்றிக் கேட்டால், அப்படியென்றால் என்ன என்று திருப்பிக் கேட்கும் நிலை இருந்தால் குற்றம் மாணவர் மேல் இல்லை.

இன்னொரு இழப்பும் உண்டு. கவுன்சிலிங்குக்கு காத்திருக்க பயந்து முதலில் ஒரு தனியார் கல்லூரியில் பணம் கட்டி விடுகிறார்கள். பிறகு நல்ல இடம் கிடைத்ததும் கட்டிய பணமும், ஒரிஜினல் சர்டிபிகேட்டும் அங்கே மாட்டிக்கொள்கிறது. 2024-25 கல்வியாண்டுக்கு யு.ஜி.சி. வெளியிட்ட விதிப்படி செப்டம்பர் 30-ந்தேதிக்குள் விலகினால் முழுப் பணமும், அக்டோபர் 31-க்குள் என்றால் அதிகபட்சம் ரூ.1,000 மட்டும் பிடித்துக்கொண்டு மீதியும் திருப்பித் தர வேண்டும். ஒரிஜினலை வைத்துக்கொள்ளவும் கூடாது. ஒவ்வொரு வருடமும் இந்த தேதி மாறலாம். சேரும் அன்றே தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

அதுவரை நம்ம பிள்ளைகள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். பரீட்சை முடிந்த மறுவாரமே ஜவுளிக் கடையிலும், கல்யாண மண்டப பந்தியிலும், திருப்பூர் பனியன் கம்பெனியிலும் வேலைக்குச் சேர்ந்து விடுகிறார்கள். இரண்டு மாதம் வேலை பார்த்து முதல் பீசை அவர்களே சம்பாதிக்கிறார்கள். சிலர் ஜூலையில் காலேஜுக்குத் திரும்புகிறார்கள். சிலருக்கு அந்த சம்பளம் வீட்டுச் செலவோடு பழகிவிடுகிறது. கல்லூரியில் சேராமல் விட்டவர்களைத் தேடிப் பிடிக்க 2023 முதல் 'உயர்வுக்குப் படி' என்ற பெயரில் முகாம்கள் நடத்தப்பட்டன. அங்கேயே இ-சேவை, வங்கிக் கடன் என்று ஏற்பாடும் செய்யப்பட்டது. அதே ஏற்பாட்டை ரிசல்ட் வந்த வாரத்தில் பள்ளிக்கூடத்திலேயே, டி.சி. கொடுக்கும் மேஜைக்குப் பக்கத்து மேஜையில் போட்டால் பிள்ளைகளை அப்புறம் பனியன் கம்பெனி வாசலில் போய்த் தேட வேண்டிய வேலை பாதியாகக் குறையும்.