விமர்சனம் மனப்பாடப் பாடமா?

கேம்பிரிட்ஜ் விரிவுரையாளர் ஐ.ஏ.ரிச்சர்ட்ஸ் 1920களில் மாணவர்களிடம் சில கவிதைகளைக் கொடுத்தார். எழுதியவர் பெயர் இல்லை. படித்துவிட்டுத் தோன்றியதை எழுதித் தரச் சொன்னார். தேர்ந்த மாணவர்களே ஆங்கிலப் பெருங்கவிஞர் ஜான் டன்னின் கவிதையில் குறை கண்டார்கள். சாதாரணக் கவிதைகளை மெச்சினார்கள். 13 கவிதைகளுக்கு வந்த பதில்களை அலசி 1929இல் அவர் வெளியிட்ட ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’, ஆங்கில வகுப்பறையின் போக்கையே மாற்றியது.

நம் கல்லூரிகளிலும் இலக்கிய விமர்சனம் ஒரு தாள்தான். அரிஸ்டாட்டில், டிரைடன், ஆர்னால்ட், எலியட் என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. யார் என்ன சொன்னார் என்று நோட்ஸைப் பார்த்து உருப்போட்டால் தேர்ச்சி கிடைத்துவிடும். ரிச்சர்ட்ஸின் அந்தச் சோதனையையும் இப்படியே மனப்பாடம் செய்வது வேதனை.

மாணவர்களுக்கு ரசனை இல்லை என்பதை ஏற்க முடியாது. திரைப்பாடலின் ஒரு வரி ஏன் பிடிக்கிறது, அடுத்த வரி ஏன் சறுக்குகிறது என்று விடுதியில் நள்ளிரவு வரை வாதிடுகிறவர்கள் அவர்கள். அதே துணிவு ஆங்கிலக் கவிதை முன்னால் ஒடுங்கிவிடுகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளிடம், தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற அச்சம் இன்னும் அதிகம்.

பாடத்திட்டக் குழுக்கள் இதில் தயங்கக் கூடாது. விமர்சனத் தாளில், முன்பின் பார்த்திராத ஒரு கவிதையைக் கொடுத்துக் கருத்துக் கேட்கும் கேள்வி கட்டாயமாக வேண்டும். கருத்து எதுவானாலும், வரிகளைச் சுட்டிக் காரணம் சொல்பவருக்கு முழு மதிப்பெண் தர வேண்டும். நெரிசலான வகுப்புகளில் ஆசிரியர்கள் அத்தனை விடைகளையும் நிதானமாகப் படித்துத் திருத்த, காலியிடங்களை அரசு உடனே நிரப்ப வேண்டும்.